சூரைச் செடியடியில் சுட்ட அப்பம்

(பொதுக்காலம் 19-ஆம் ஞாயிறு: வானொலி மறையுரை)



மீன்பிடித் தடைக்காலம் ஜூலை 31-ஓடு முடிந்துவிட்டது. நம் மேற்குக் கடற்கரையின் விசைப்படகுகள் மறுபடியும் கடலில் இறங்கியிருக்கின்றன. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கத்து ஆண்கள் பலர் ஆழ்கடலுக்குப் போயிருக்கிறார்கள். திரும்பி வர ஒரு மாதம் ஆகும், சில வேளைகளில் அதற்கும் மேல். கரையில் இருப்பவர்கள் தாய்மார்களும் மனைவியரும் பிள்ளைகளும்தான். இந்த நாள்களில் இரவு இரண்டு மணிக்கு நம் கடற்கரைத் தெருக்களில் நடந்தால் எத்தனை வீடுகளில் விளக்கு எரிகிறது என்று பார்க்கலாம்.

2017 நவம்பர் 30-ஐ நம்மில் யாரும் மறக்கவில்லை. ஒக்கிப் புயல் வந்தபோது எத்தனையோ படகுகள் ஏற்கெனவே கடலில் இருந்தன. அன்று கரையில் காத்து நின்றவர்களுக்கு, இன்றும் காற்று கொஞ்சம் பலமாக வீசினால் வயிற்றைப் பிசைகிறது. செய்தியில் ‘காற்றழுத்தத் தாழ்வு’ என்ற சொல் வந்தாலே கை நடுங்குகிறது. புயல் போய் வருடங்கள் ஆனாலும் உடம்பு அதை மறக்கவில்லை.

கடற்கரைக்கு மட்டும் உரிய காரியமும் அல்ல இது. வளைகுடாவில் வேலை பார்க்கும் மகனின் அழைப்பு ஒருநாள் வராவிட்டால் தவிக்கும் பெற்றோர் உண்டு. நகைக் கடனுக்கு வட்டி கட்டும் தேதியை நினைத்துச் சோறு இறங்காதவர்கள் உண்டு. தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் உண்டு. இன்று நாம் பேச இருப்பது இவர்களைப் பற்றி, அதாவது நம் எல்லோரையும் பற்றி.

முதலில் ஒரு குற்றத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் திருப்பலி முடிந்ததும், திருப்பொருள் அறை வாசலில் ஒரு தாய் வந்து நின்றார். “சாமி, ராத்திரி உறக்கமே இல்ல. நெஞ்சு படபடன்னு அடிக்குது. செபமாலை சொல்ல இருந்தா பாதியில மனசு கடலுக்குப் போயிருது. எனக்கு விசுவாசம் இல்லியோ சாமி?” என்று கேட்டார். அவருடைய ஒரே மகன் ஆழ்கடலில் இருந்தான். நமக்கோ அடுத்த திருப்பலிக்கு மணி அடித்தாயிற்று. திருவுடையைச் சரிசெய்துகொண்டே பதில் சொன்னோம்: “குருவியைக் காக்கிறவர் உங்க மகனைக் காக்க மாட்டாரா அம்மா? விசுவாசத்தோட ஒரு நவநாள் செய்யுங்க. எல்லாம் சரியாயிரும்.”

அவர் நவநாள் செய்தார். ஒன்பது நாளும் உறங்கவில்லை. பத்தாம் நாளிலிருந்து கோயிலுக்கு வரவும் இல்லை. அந்தத் தெருவின் அன்பியத்தைக் கவனித்த அருட்சகோதரி ஒருவர் போய் விசாரித்தபோது அவர் சொன்னாராம்: “சாமி சொன்னது சரிதான். விசுவாசம் இருந்தா உறக்கம் வரும். எனக்கு வரல்ல. விசுவாசம் இல்லாதவ கோயில்ல வந்து என்ன செய்ய?”

பாரம் சுமந்து வந்தவர் தலையில் இன்னொரு கல்லையும் ஏற்றி அனுப்பிவிட்டோம். குருமடத்தில் பல ஆண்டுகள் இறையியல் படித்தவர்கள் நாங்கள். ஆனால் அந்த வாசலில் நின்ற இரண்டு நிமிடத்தில் நாங்கள் மறந்துபோன பகுதிதான் இன்றைய முதல் வாசகம்.

அரசர்கள் முதல் நூல், 19-ஆம் அதிகாரம். அதில் வரும் எலியா சாதாரண மனிதர் அல்லர். முந்திய அதிகாரத்தில்தான் கர்மேல் மலையில் பாகாலின் பொய்வாக்கினர் 450 பேரை எதிர்த்துத் தனியாக நின்று, வானத்திலிருந்து நெருப்பை இறங்கச் செய்தவர். விசுவாசத்துக்கு அவரிடம் என்ன குறை? ஆனால் ஈசபேல் அரசி ‘உன் உயிரை எடுப்பேன்’ என்று ஆள் அனுப்பியதும் அவர் ஓடுகிறார். பெயேர்செபாவில் தம் பணியாளை விட்டுவிட்டு, தனியே பாலைவனத்துக்குள் ஒருநாள் வழி நடக்கிறார். ஒரு சூரைச் செடியின் அடியில் உட்கார்ந்து, சாவு வந்தால் போதும் என்று கடவுளிடம் கேட்கிறார். பிறகு படுத்துத் தூங்கிவிடுகிறார்.

இங்கே கடவுள் என்ன செய்கிறார் என்று மெதுவாகப் பாருங்கள். ‘உன் விசுவாசம் எங்கே போயிற்று?’ என்று அவர் கேட்கவில்லை. கர்மேல் மலையை நினைவூட்டவில்லை. தூதர் ஒருவர் வந்து அவரைத் தட்டி எழுப்பி, எழுந்து சாப்பிடச் சொல்கிறார். தலைமாட்டில் தணலில் சுட்ட அப்பம், ஒரு குவளைத் தண்ணீர். எலியா சாப்பிடுகிறார், குடிக்கிறார், மறுபடியும் படுத்துக்கொள்கிறார். அதற்கும் கடவுள் கோபிக்கவில்லை. தூதர் இரண்டாம் முறையும் வந்து தட்டி எழுப்புகிறார், பயணம் நீண்டது, இன்னும் சாப்பிடு என்கிறார். அந்த உணவின் வலிமையில் அவர் நாற்பது நாள் நடந்து ஓரேபு மலைக்குப் போகிறார். கடவுள் அவரோடு பேசத் தொடங்குவது அங்கே போன பிறகுதான். தூக்கம், சோறு, தண்ணீர், மறுபடி தூக்கம், நடை, அதற்குப் பின்புதான் இறைவாக்கு. நாம் அந்தத் தாய்க்கு இந்த வரிசையை அப்படியே தலைகீழாக்கிக் கொடுத்தோம்.

‘கவலைப்பட வேண்டாம் என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறாரே’ என்று சிலர் கேட்பீர்கள். ஆம், மலைப்பொழிவில் சொன்னார். திருத்தூதர் பவுலும் பிலிப்பியருக்கு அதையே எழுதினார், அதுவும் சிறையிலிருந்து. ஆனால் அதே மடலின் இரண்டாம் அதிகாரத்தைப் புரட்டுங்கள். நோயில் சாகக் கிடந்து பிழைத்த எப்பப்பிரோதீத்துவைத் திருப்பி அனுப்புகிறேன், அப்போது என் கவலையும் குறையும் என்று பவுலே எழுதுகிறார். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் மடலில், எல்லாத் திருச்சபைகளையும் பற்றிய கவலை நாள்தோறும் தம்மை அழுத்துகிறது என்கிறார். அங்கே வரும் கிரேக்கச் சொல், மலைப்பொழிவில் வரும் கவலைப்படுதல் என்ற சொல்லோடு ஒரே வேரில் பிறந்தது. அன்பு இருக்கிற இடத்தில் அந்த வேர் இருக்கத்தான் செய்யும். மகனை நேசிக்காத தாய்க்கு இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வராது. ஆண்டவர் ‘வேண்டாம்’ என்றது குற்றவாளியைப் பார்த்துச் சொன்ன சொல் அல்ல. அழுகிற பிள்ளையின் தலையைத் தடவி, அழாதே மக்களே என்று ஒரு தாய் சொல்வதைப் போன்றது.

சரி, இரவு இரண்டு மணி. விழிப்பு வந்துவிட்டது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அப்போது என்ன செய்வது?

நம் கையிலேயே ஒரு மருந்து இருக்கிறது, அதுதான் செபமாலை. அதை எப்படிச் சொல்கிறோம் என்பதில்தான் காரியம். திருவனந்தபுரம் பேருந்தைப் பிடிக்க ஓடுகிறவர்கள்போல நம் ஊர்களில் செபமாலை சொல்லும் வேகம் உங்களுக்குத் தெரியும். தலைமை தாங்குகிறவர் முடிக்கும் முன்பே பதில் தொடங்கிவிடும். இத்தாலியில் பாவியா பல்கலைக்கழகத்து மருத்துவர்கள் சிலர், மற்றவர்களோடு சேர்ந்து, செபமாலையின்போது மனித உடம்பில் என்ன நடக்கிறது என்று அளந்து பார்த்தார்கள். 2001-ஆம் ஆண்டு பிரித்தானிய மருத்துவ இதழில் அது வெளிவந்தது. பழைய முறைப்படி இலத்தீனில், குரு பாதியும் மக்கள் பாதியுமாக அருள்நிறைந்த மரியே சொன்னால், மூச்சு தானாகவே நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறு என்ற அளவுக்கு இறங்குகிறது என்றும், அந்த வேகத்தில் இதயத் துடிப்பின் ஒழுங்கு நன்றாக அமைகிறது என்றும் கண்டார்கள். சாதாரணமாக நாம் நிமிடத்துக்குப் பன்னிரண்டு முறைக்கு மேல் மூச்சு விடுகிறோம். பயத்தில் அது இன்னும் கூடும். மூச்சு வேகமானால் ஆபத்து வந்துவிட்டது என்று உடம்பு நினைக்கிறது. மூச்சு மெதுவானால், இப்போதைக்கு ஆபத்து இல்லை என்று அதற்குச் செய்தி போகிறது.

ஆகவே இப்படிச் செய்து பார்ப்போம். எழுந்து உட்கார்ந்து, கால் இரண்டையும் தரையில் பதித்துக்கொள்வோம். மணியைக் கையில் பிடித்து, மூச்சை மெதுவாக உள்ளே இழுப்போம். அப்போது ஒன்றும் சொல்ல வேண்டாம். மூச்சை விடும்போது முதல் பாதியை உதட்டளவில் சொல்வோம். மறுபடி இழுத்து, விடும்போது ‘தூய மரியே’ என்று தொடங்கும் மறுபாதி. பத்து மணி போதும். மனம் நடுவில் கடலுக்குப் போனால் போகட்டும், அடுத்த மணியில் திரும்பி வரும். போனதற்காக மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம். ஐம்பத்து மூன்று மணியும் முடிக்காவிட்டால் மாதா கோபிப்பார் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

‘சாமி செபத்தை மூச்சுப் பயிற்சியாக்கிவிட்டாரே’ என்று நம் பங்குப் பேரவையில் ஒரு பெரியவர் வருத்தப்பட்டார். அவருக்குச் சொன்ன பதிலே இங்கும்: தண்ணீரையும் எண்ணெயையும் அப்பத்தையும் இரசத்தையும் தொட்டு அருளைத் தருகிற திருச்சபை நாம். ஆன்மாவுக்குப் போகும் வழியில் உடம்பைத் தாண்டிக் குதித்துப் போகும்படி ஆண்டவர் நம்மைப் படைக்கவில்லை.

அடுத்தது பாலைவனத்து மன்னா. விடுதலைப் பயண நூல் 16-ஆம் அதிகாரத்தில், அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் எடுக்கச் சொன்னார் மோசே. சிலர் நாளைக்கு என்று எடுத்து வைத்தார்கள். காலையில் பார்த்தால் புழு வைத்து நாறியது. ஓய்வு நாளுக்கு முந்திய நாள் மட்டும் விதிவிலக்கு. அதாவது முன்னேற்பாடு வேறு, பதுக்கல் வேறு. படகில் உயிர்காப்பு உடை இருக்கிறதா, ஒயர்லெஸ் வேலை செய்கிறதா என்று பார்ப்பது முன்னேற்பாடு. அடுத்த வாரத்துக் காற்றை இன்று இரவு படுக்கையில் வீசவிடுவது பதுக்கல், அதில் புழு வைக்கும்.

இதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். மாலை ஆறு மணிக்கு மூவேளைச் செப மணி அடிக்கிறதே, அதற்குப் பின் கால் மணி நேரம் உட்காருவோம். மனதில் இருக்கிற கவலை எல்லாவற்றையும் எழுதுவோம். பக்கத்தின் நடுவில் ஒரு கோடு. நாளைக் காலையில் நாம் ஏதாவது செய்யக்கூடியது இடப்பக்கம்: காப்பீட்டுத் தவணை, பள்ளிக் கட்டணம், அண்ணனிடம் பேச வேண்டிய பேச்சு. நம் கையில் இல்லாதது வலப்பக்கம்: காற்று, கடல், பிறர் மனம். இடப்பக்கத்தில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்து நாளைக்கு என்று குறித்துக்கொள்வோம். வலப்பக்கத்தை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி ஆண்டவரிடம் ஒப்படைப்போம். இரவில் கவலை கதவைத் தட்டினால், ‘உன் நேரம் ஆறு மணி, நாளைக்கு வா’ என்று சொல்லிவிடலாம். மருத்துவமனையில் பார்வை நேரம் இருப்பதுபோல. முதல் சில நாள் அது கேட்காது, தட்டிக்கொண்டே இருக்கும். போகப் போகக் கேட்கும். மனநல ஆலோசகர்களும் ஏறக்குறைய இதையேதான் கற்றுத்தருகிறார்கள். எழுதத் தெரியாத அம்மச்சி ஒருவர் இரண்டு டப்பா வைத்துக்கொண்டு புளியங்கொட்டை போடுகிறார். வலப்பக்க டப்பா மாதா படத்துக்குக் கீழே இருக்கிறது.

கைப்பேசியைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய புயல் படம் எந்த நாட்டுப் படம் என்று யாருக்கும் தெரியாது. ஒன்றை மட்டும் சொல்வோம். பதற்றத்தில் எடுத்துப் பார்த்தால் ஐந்து நிமிடம் நிம்மதி வரும். அந்த நிம்மதியே மறுபடி பார்க்கச் சொல்லும், கடைசியில் பார்க்காமல் இருக்கவே முடியாமல் போகும். வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பைக் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை பார்ப்போம். எச்சரிக்கை என்றால் ஊர் மணியே அடிக்கும். இரவில் கைப்பேசி அடுக்களையில் உறங்கட்டும். அவசரத்துக்கு மணி ஒலித்தால் அங்கிருந்தும் கேட்கும். இரவு ஒன்பது மணிக்குக் குடிக்கிற கட்டன் சாயாவையும் விட்டுவிடலாம். உறக்கத்துக்கென்று இரண்டு கிளாஸ் மது ஊற்றிக்கொள்ளும் ஆண்களுக்கும் ஒரு வார்த்தை: அது தருவது மயக்கம், நடுச்சாமத்தில் எழுப்பிவிட்டு, பயத்தைக் கூட்டிவிட்டுப் போகும்.

எலியா தம் பணியாளை விட்டுவிட்டுத் தனியே போனார் என்று பார்த்தோம். கவலை வந்தால் நாமும் அப்படித்தான் செய்கிறோம், கதவைச் சாத்திக்கொள்கிறோம். நான் ஒருவன்தான் மிஞ்சியிருக்கிறேன் என்று ஓரேபில் இரண்டு முறை சொல்கிறார் அவர். அது சரியான கணக்கல்ல, ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள் என்கிறார் கடவுள். கூடவே எலிசா என்ற ஆளையும் பெயர் சொல்லிக் காட்டுகிறார். ஆண்டவர் இயேசுவும் கெத்சமனியில் கலங்கியபோது மூன்று பேரைக் கூட அழைத்துக்கொண்டு போனார். அவர்கள் தூங்கிவிட்டார்கள் என்பது வேறு கதை. துணை வேண்டும் என்று கேட்க அவர் வெட்கப்படவில்லை என்பதுதான் நமக்கு முக்கியம்.

துணையாகப் போகிறவர்களுக்கு, முக்கியமாக எங்களைப் போன்ற குருக்களுக்கும் அன்பியப் பொறுப்பாளர்களுக்கும், தூதரே மாதிரி. அவர் அறிவுரை சொல்லவில்லை. அப்பம் கொண்டுவந்தார். ‘மற்றவங்களுக்கு இருக்கிற கஷ்டத்தைப் பாருங்க’ என்று சொல்லாதிருப்போம். பக்கத்தில் உட்கார்ந்து, சொல்வதைக் கடைசிவரை கேட்போம்.

இவ்வளவு செய்தும் வாரக்கணக்கில் உறக்கம் வராமல், வேலை ஓடாமல், மூச்சு முட்டிக்கொண்டே இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். மருத்துவரும் மருந்தும் கடவுளின் படைப்பு என்று சீராக்கின் ஞான நூல் 38-ஆம் அதிகாரம் தெளிவாகச் சொல்கிறது. நெஞ்சுவலி வந்தால் கவலையால்தான் என்று நாமே முடிவு கட்டாமல் உடனே இதயத்தைப் பரிசோதித்துவிட வேண்டும். எலியாவைப் போலச் சாவு வந்தால் நல்லது என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் ஒருநாளும் காத்திருக்க வேண்டாம். யாரிடமாவது வாய் திறந்து சொல்லுங்கள். 14416 என்ற எண்ணில் அரசின் டெலி-மானஸ் மனநல உதவி, இரவும் பகலும், இலவசமாக, தமிழிலேயே கிடைக்கிறது. எண்ணை மறுபடி சொல்கிறோம், எழுதிக்கொள்ளுங்கள்: ஒன்று, நான்கு, நான்கு, ஒன்று, ஆறு. மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் நேரத்தில் இது வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று மறைக்கிற வீடுகள் உண்டு. சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பதை நாம் மறைப்பதில்லையே.

அந்தத் தாயின் வீட்டுக்கு நாமே போனோம். போக மூன்று வாரம் ஆயிற்று, அதுவும் நம் குற்றம்தான். திண்ணையில் உட்கார்ந்து, “அன்னைக்கு நாம சொன்னது தப்பு அம்மா. உறக்கம் வராதது பாவமும் இல்ல, விசுவாசக் குறைவும் இல்ல” என்றோம். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு எழுந்து உள்ளே போய், “சாமி வெயில்ல வந்திருக்கு” என்று ஒரு தட்டில் அவித்த மரச்சீனிக் கிழங்கும், ஒரு செம்பில் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தார். யார் யாருக்குத் தூதராக வந்தோம் என்று நமக்கே தெரியவில்லை. அந்த அருட்சகோதரி அவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். சில மாதம் மாத்திரை சாப்பிட்டார், ஆலோசனைக்கும் போய்வந்தார். இப்போது ஞாயிறு முதல் திருப்பலியில் மூன்றாவது வரிசையில் இருக்கிறார். அந்த மகன் இந்த ஆகஸ்டிலும் கடலுக்குப் போயிருக்கிறான். இரண்டு மணி விழிப்பு இன்னும் சில நாள் வருகிறதாம். “வந்தா பத்து மணி சொல்லுவேன் சாமி, சில நாள் ஆறாவது மணியிலயே உறங்கிருவேன்” என்கிறார்.

ஒவ்வொரு திருப்பலியிலும் ‘விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே’ முடிந்த உடனே, கலக்கத்திலிருந்து எங்களைக் காத்தருளும் என்று குரு மன்றாடுகிறார் அல்லவா? கலக்கம் நாள்தோறும் வரும் என்று தெரிந்தே திருச்சபை அந்த மன்றாட்டை நாள்தோறும் வைத்திருக்கிறது.

அன்பார்ந்தவர்களே, இந்த நிகழ்ச்சி முடிய இன்னும் ஒரு நிமிடம் இருக்கிறது. நாம் பேசுவதை நிறுத்திவிட்டு மூன்று அருள்நிறைந்த மரியே சொல்வோம். வானொலியைக் கேட்டுக்கொண்டே மீன் வெட்டுகிறவர்கள், அரிவாளைக் கீழே வைத்துவிடுங்கள். முதலாவது கடலில் இருக்கிறவர்களுக்காக. இரண்டாவது கடல் கொண்டுபோனவர்களுக்காகவும் அவர்கள் வீட்டாருக்காகவும். மூன்றாவது இன்று இரவு இரண்டு மணிக்கு விழிக்கப் போகிறவர்களுக்காக. அவசரம் வேண்டாம். முதலில் மூச்சை மெதுவாக உள்ளே இழுப்போம்.